பேட்டரியின் மேல் பழி ஏன்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பழைய பிக்கப் வண்டிகளில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாமல் போவது ஏன், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதாகும். இது பண்டிதர்கள் கூடிப் பேசவேண்டிய சமாசாரம் அல்ல. நடுச்சாமத்தில் தக்காளிக் கூடையையும் வாழைத்தாரையும் ஏற்றி, விடிவதற்குள் சந்தையில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அன்றைக்குக் கூலி உண்டு என்கின்ற நிலையில் இருக்கின்றவனுக்கு, சாவியைத் திருப்பினவுடன் "கட் கட்" என்று சப்தம் மாத்திரம் வந்து வண்டி கிளம்பாமல் போவதென்பது சாதாரண விஷயமா? லோடு அழுகிப்போகும், வாடகை போகும், மறுநாள் கூப்பிடுகின்றவனும் வேறு வண்டிக்குப் போய்விடுவான். ஆகவே இது வயிற்றுப்பாட்டு விஷயமாகும்.

இந்தக் கஷ்டம் வந்தவுடன் நம்மவர்கள் என்ன செய்கின்றார்கள் என்று பார்ப்போமானால், முதலில் "பேட்டரி போய்விட்டது" என்கின்றார்கள். ஆயிரக்கணக்கில் கடன் வாங்கிப் புதுப் பேட்டரி போடுகின்றார்கள். பத்து நாள் ஓடுகின்றது. பிறகு பழைய கதைதான். உடனே "டைனமோ போய்விட்டது" என்று சொல்லி அதையும் மாற்றுகின்றார்கள். அதற்குப் பிறகும் நிற்குமானால், "இந்த வண்டிக்கு ராசியில்லை" என்று சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, கிடைத்த விலைக்கு விற்றுவிடுகின்றார்கள். வாங்கினவன் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி முறுக்குகின்றான், வண்டி ஓடுகின்றது! ராசியில்லாத வண்டிக்கு ஒரு ஸ்பேனரின் முனையில் எப்படி ராசி வந்தது என்று யாராவது யோசித்தார்களா?

இதில் குற்றம் பேட்டரியினுடையதும் அல்ல, வண்டியினுடையதும் அல்ல. சோதித்துப் பாராமல் முடிவு கட்டுகின்ற குணந்தான் குற்றம். ஆகவே சோதனை செய்கின்ற வழியைப் பற்றித்தான் நாம் இங்கு சொல்லப்போகின்றோம்.

பெயரும் பொருளும்

வண்டியில் மின்சாரம் எப்படி வருகின்றது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே என்பவர் 1831-இல், காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் கம்பியில் மின்சாரம் உண்டாகின்றது என்று செய்து காட்டினார். பிரான்சில் கஸ்டோன் பிளாந்தே என்பவர் 1859-இல் ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய பேட்டரியை உண்டாக்கினார். இன்றைக்கு நம் வண்டியில் இருப்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான். எஞ்சின் சுற்றுகின்றது; பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டர் சுற்றுகின்றது; அதில் உண்டாகும் மின்சாரம் விளக்குக்கும் ஹாரனுக்கும் போக மீதி பேட்டரிக்குப் போய்ச் சேருகின்றது. பேட்டரி, மறுமுறை செல்ஃப் எடுப்பதற்காக அதைச் சேமித்து வைத்துக்கொள்ளுகின்றது. செலவழித்ததை வரவு ஈடுகட்டுகின்ற குடும்பம் போன்றதுதான் இது.

நம் பட்டறைகளில் இன்றும் ஆல்டர்னேட்டரை "டைனமோ" என்றே சொல்லுகின்றார்கள். ரெகுலேட்டரைக் "கட் அவுட்" என்கின்றார்கள். பழைய டைனமோ வேறு; ஆல்டர்னேட்டர் வேறு. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியண்ட் காரில் 1960-இல் ஆல்டர்னேட்டரைப் போட்டது. அதன் பிறகு சில வருஷங்களுக்குள் அங்குள்ள மற்றப் பெரிய கம்பெனிகளும் மாறிவிட்டன. ஆல்டர்னேட்டரில் உண்டாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம். ஆகவே உள்ளே டயோடு என்கின்ற சிறு கதவுகள் சாதாரணமாய் ஆறு வைத்திருக்கின்றார்கள். அவை ஒரு பக்கம் விடும். மறு பக்கம் விடாது.

பெயர் எதுவானால் என்ன, வேலை நடந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது, தோழர்களே! ஏனென்றால் பழைய பெயரோடு பழைய வழக்கமும் கூடவே வந்துவிடுகின்றது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, "வண்டி நிற்கவில்லை, ஆகவே டைனமோ நல்லது" என்று சொல்லுகின்ற சோதனை ஒன்று நம் பட்டறைகளில் வழங்கி வருகின்றது. இது டைனமோ காலத்துச் சோதனை. டைனமோவில் டயோடு கிடையாது. அதனால் அது பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. ஆல்டர்னேட்டரில் இப்படிச் செய்தால், பேட்டரிக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரம் போக இடமில்லாமல் ஒரு கணத்தில் வோல்ட் பல மடங்கு எகிறி, டயோடையும் ரெகுலேட்டரையும், வண்டியில் வேறு மின்னணுச் சாமான்கள் இருந்தால் அவற்றையும் எரித்துவிடக்கூடும். அல்லாமலும், எஞ்சினாலேயே சுற்றப்பட்டு எண்ணெய் தள்ளும் இயந்திரப் பம்ப் உள்ள பழைய டீசல் எஞ்சின்கள் பல, ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் இல்லாமலே ஓடும். அப்படியானால் அந்தச் சோதனையினால் தெரிவதென்ன? ஒன்றுமில்லை. நல்ல சாமானைக் கெடுத்ததுதான் மிச்சம். காரணம் போனபின்பும் வழக்கம் மாத்திரம் நிற்குமானால் அதன் பலன் இப்படித்தான் இருக்கும்.

மூன்று வியாதிகள்

பேட்டரி செத்துப்போவதற்கு மூன்றே காரணங்கள்தான் இருக்கமுடியும். ஒன்று, வரவு இல்லை. அதாவது ஆல்டர்னேட்டரில் உண்டாகவில்லை, அல்லது உண்டானது வந்து சேரவில்லை. இரண்டு, பெட்டி ஓட்டை. அதாவது பேட்டரி தானே சேமிக்கும் சக்தியை இழந்துவிட்டது. மூன்று, திருட்டு, அதாவது வண்டி நிற்கும்போது எங்கேயோ மின்சாரம் கசிந்து போகின்றது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் சாமானை மாற்றுகின்றவன், தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் பேதிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கின்ற வைத்தியனைப் போன்றவனேயாவான்.

முதலில் கண்ணால் பாருங்கள்

மீட்டரைத் தொடுவதற்கு முன்பு, எஞ்சினை நிறுத்திவிட்டு, கண்ணால் பார்க்கவேண்டியதைப் பாருங்கள். இதற்குக் காசு வேண்டியதில்லை.

பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழவேண்டும். அதற்கு மேல் தொங்கினால் பெல்ட் வழுக்கும். உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தாலும், வெடித்திருந்தாலும், வண்டி கிளம்பும்போதும் விளக்குப் போட்டவுடனும் கிறீச்சென்று கத்தினாலும் அது வழுக்குகின்றது என்றுதான் அர்த்தம். நம் நாட்டில் ஓடும் டாட்டா 207 போன்ற டீசல் வண்டிகள் பலவற்றில், பிரேக்குக்கு உதவி செய்கின்ற வாக்குவம் பம்ப், ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வைக்கப்பட்டிருக்கின்றது. அப்படிப்பட்ட வண்டியில் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மாத்திரமல்ல, பிரேக்கின் உதவியும் போய்விடும். மிதித்தால் கல்போல் இருக்கும். அதே பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுமானால் எஞ்சினும் கொதிக்கும். லோடு ஏற்றி மலைச் சரிவில் இறங்குகின்றவன் உயிர் அந்த ஒரு ரப்பர்த் துண்டில் இருக்கின்றது என்பதை மறக்கக்கூடாது. அந்தப் பம்பிலிருந்து எண்ணெய் கசிந்து ஆல்டர்னேட்டருக்குள் இறங்கி, கார்பனை நனைத்துக் கெடுப்பதும் உண்டு. ஆல்டர்னேட்டரின் அடியில் எண்ணெய் ஈரம் இருந்தால் அதையும் கவனிக்கவேண்டும்.

அடுத்தபடியாக டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது மின்சாரத்தைத் தடுக்கும் பூச்சாகும். ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றித் தேய்த்தால் போய்விடும். அந்தத் தண்ணீர் பேட்டரியின் மூடி வழியாய் உள்ளே இறங்காமல் மாத்திரம் பார்த்துக்கொள்ளவேண்டும். கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் இறுக்குங்கள். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றவேண்டும். மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டவேண்டும். ஏனென்றால் பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டாலும், மைனஸ் கழன்றிருந்தால் நெருப்புப் பொறி வராது. இது சாஸ்திரம் அல்ல. காரணம் தெரிந்த முறையாகும்.

பிறகு எர்த் பட்டையைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து சேசிஸுக்கும், சேசிஸிலிருந்து எஞ்சினுக்கும் போகின்ற ஒயரும் பின்னல் பட்டையும் துரு ஏறியோ பாதி அறுந்தோ இருந்தால், ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுத்தாலும் திரும்பி வர வழியிருக்காது. மூடி திறக்கின்ற பேட்டரியானால் தண்ணீரையும் பாருங்கள். தகடுகள் மூழ்கி அதற்குமேல் சுமார் ஒரு செண்டிமீட்டர் நிற்கவேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மாத்திரம் ஊற்றவேண்டும், ஆசிட் ஊற்றக்கூடாது. ஆவியாய்ப் போவது தண்ணீரே தவிர ஆசிட் அல்ல.

சிவப்பு விளக்கு என்ன சொல்லுகின்றது?

ஓட்டுகின்றவன் முன்னால் பேட்டரி படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கு இருக்கின்றது. அநேகர் அதை அலங்காரம் என்று நினைக்கின்றார்கள். உண்மையில் அது ஒரு சாட்சியாகும். சாவியைப் போட்டவுடன், எஞ்சின் ஓடாதபோது, அது எரியவேண்டும். அப்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் அந்த விளக்கு வழியாய் ஆல்டர்னேட்டருக்குள் சென்று, கார்பன் வழியாய் உள்ளே சுற்றுகின்ற கம்பிச் சுருளுக்குப் போய், அதைக் காந்தமாக்குகின்றது. எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்ய ஆரம்பித்தவுடன் விளக்கின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் ஆகிவிடுகின்றபடியால் அணைந்துபோகின்றது.

இந்த ஒரு உண்மையைத் தெரிந்துகொண்டால் நாலு விஷயம் வெளியாகும். சாவி போட்டவுடன் விளக்கே எரியாவிட்டால், பல்ப் போயிருக்கவேண்டும், அல்லது ஃபியூஸ், ஒயர், கார்பன் இவற்றில் ஒன்று போயிருக்கவேண்டும். இந்த ஏற்பாடுள்ள வண்டியில் ஒரு சிறு பல்ப் போனாலேயே ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமல் போவது உண்டு. பல ரூபாய் கொடுத்து ஆல்டர்னேட்டரை மாற்றுவதற்கு முன் பல்பைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? எஞ்சின் ஓடும்போதும் விளக்கு முழுவதும் எரியுமானால் உற்பத்தி இல்லை. ஓடும்போது மங்கலாய் மினுக்குமானால் டயோடின் மேலோ ஒயர் இணைப்பின் மேலோ சந்தேகம் கொள்ளவேண்டும். சாவியை எடுத்த பின்பும் எரியுமானால் டயோடு கெட்டு மின்சாரம் பின்பக்கமாய்ப் போகின்றது என்று சந்தேகிக்கவேண்டும்.

மீட்டரின் வாக்குமூலம்

இனி மீட்டருக்கு வருவோம். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கின்றது. அதை வைத்துக்கொள்ளத் தனிப் படிப்பு வேண்டியதில்லை. சிவப்பு ஒயரைப் பிளஸிலும் கறுப்பு ஒயரை மைனஸிலும் வைத்து, நேர் மின்சார வோல்ட்டில் 20 என்கின்ற இடத்தில் திருப்பிக்கொண்டால் போதும். எழுத்துத் தெரியாதவனும் எண்ணைப் படிக்கமுடியும். வண்டிக்காரன் வீட்டுப் பெண்களும் பார்த்துச் சொல்லமுடியும். இது ஆண் பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்ட வித்தை என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

முதற் சோதனை: வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு, சாவி போடாமல் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி என்று சொன்னாலும் உள்ளே ஆறு அறைகள்; ஒவ்வொன்றிலும் 2.1 வோல்ட். ஆகவே நிறைந்த பேட்டரியில் 12.6 அல்லது அதற்குச் சிறிது மேல் காட்டும். 12.4 என்றால் சுமார் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால், 11.9-க்குக் கீழே காலி. சார்ஜ் செய்த பிறகும் 10.5-ஐ ஒட்டியே நின்றால் ஒரு அறை செத்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போது பேட்டரியின் மேல் பழி நியாயமானதே.

இரண்டாஞ் சோதனை: ஒருவர் செல்ஃப் அடிக்க, ஒருவர் மீட்டரைப் பாருங்கள். நிறைந்த பேட்டரியானால் அப்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. நிறைந்திருந்தும் 7, 8 என்று விழுந்தால் பேட்டரிக்குச் சக்தி இல்லை, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மேல் இழுக்கின்றது.

மூன்றாஞ் சோதனை: எஞ்சினை ஓடவிட்டு, சற்று ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் வரவு சரி. எஞ்சின் நின்றபோது இருந்த எண்ணே ஓடும்போதும் இருந்தால், அல்லது குறைந்துகொண்டே வந்தால், வரவு இல்லை. 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் அடக்கவில்லை என்று பொருள். அது பேட்டரியைக் கொதிக்க வைக்கும்; தண்ணீர் அடிக்கடி குறையும்; பல்புகள் அடிக்கடி போகும். பசியால் சாவது போலவே அதிகம் தின்றும் சாவது உண்டல்லவா?

நாலாஞ் சோதனை: ஹெட்லைட், காற்றாடி எல்லாம் போட்டுவிட்டு மறுபடியும் பாருங்கள். 13-க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டர் பலவீனம், அல்லது பெல்ட் வழுக்கல், அல்லது செலவு அதிகம். இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். இரண்டு ஹெட்லைட் 60 வாட் வீதம் 120 வாட். 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர். அழகுக்காக 55 வாட் விளக்கு நாலு கூட மாட்டினால் 220 வாட். இன்னும் 18 ஆம்பியருக்கு மேல். பாட்டுப் பெட்டி வேறு. பழைய ஆல்டர்னேட்டர்கள் பல 35, 45 ஆம்பியர்தான் கொடுக்கும். அதுவும் எஞ்சின் வேகமாய்ச் சுற்றும்போதுதான். நெரிசலில் மெதுவாய் நிற்கும்போது பாதிகூட வராது. வரும்படி நாற்பதும் செலவு ஐம்பதுமாய் இருந்தால் எந்தக் குடும்பந்தான் கடன்படாது?

வழியில் தொலைவது

ஆல்டர்னேட்டரில் 14.4 இருக்கின்றது, பேட்டரியில் 13.2 தான் இருக்கின்றது என்றால் மீதி 1.2 வோல்ட் எங்கே போயிற்று? வழியில் தொலைந்தது. எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய பிளஸ் போல்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் பிளஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் துருவோ, தளர்ந்த இணைப்போ, உருகிய ஃபியூஸோ, உள்ளே நைந்த ஒயரோ இருக்கின்றது. அதேபோல் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே பாருங்கள். 0.2-ஐத் தாண்டினால் எர்த்தைச் சுத்தம் செய்யவேண்டும். பழைய வண்டிகளில் இந்த வியாதி மிகவும் சகஜம். இது தெரியாததினால்தான் நல்ல ஆல்டர்னேட்டர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

உள்ளே இருக்கும் கோளாறு

ஒயர் எல்லாம் சரி, வரவு மாத்திரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆல்டர்னேட்டரைக் கழற்றவேண்டும். அப்போதும் முழுவதையும் மாற்றவேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. கார்பன் தேய்ந்திருக்கலாம், அது மலிவான சாமான். கார்பன் உரசுகின்ற செப்பு வளையம் கறுத்திருக்கலாம், சுத்தம் செய்யலாம். அந்த இரண்டு வளையங்களுக்கும் நடுவே ஓம் பார்த்தால் சுமார் 2 முதல் 5 வரை காட்டவேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கின்றது. டயோடைப் பார்க்க வேறு ஒரு சுலப வழியும் உண்டு. எஞ்சின் ஓடும்போது மீட்டரை மாறு மின்சார வோல்ட்டுக்குத் திருப்பிப் பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு என்கின்ற கதவுகளில் ஏதோ ஒன்று சரியாய் மூடவில்லை. சில மலிவான மீட்டர்கள் இந்தச் சோதனையில் நேர் மின்சாரத்தையும் சேர்த்துப் பெரிய எண்ணாய்க் காட்டும். ஆகையால் முதலில் எஞ்சின் ஓடாதபோது வைத்து, பூஜ்யம் காட்டுகின்றதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

அமெரிக்காவில் 1970-களில் ஓடிய செவ்ரலே பிக்கப் வண்டிகளின் ஆல்டர்னேட்டரில் பின்புறம் ஒரு சிறு துவாரம் வைத்திருந்தார்கள். அதில் ஸ்குரு டிரைவரை முக்கால் அங்குலம் அளவுக்கு நுழைத்து, உள்ளே இருக்கும் நாக்கை உடம்போடு தொடவைத்தால், ரெகுலேட்டரை ஒதுக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் முழுபலத்தோடு வேலை செய்யும். அப்போது வரவு ஏறினால் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நல்லது, ரெகுலேட்டரின் மேல் சந்தேகம். ஏறாவிட்டால் கோளாறு உள்ளே. சில வினாடிகளுக்கு மேல் வைக்கக்கூடாது. நம் வண்டிகளில் அந்தத் துவாரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதைச் செய்தவனின் எண்ணத்தைப் பாருங்கள்: சந்தேகம் வந்தால் இரண்டாய்ப் பிரித்துச் சோதிக்க ஒரு வாசல் வைத்திருக்கின்றான்! எந்தச் சங்கதியிலும் இதுவே அறிவுள்ள முறை என்று கருதுகின்றோம்.

இரவுத் திருட்டு

பகலில் சார்ஜ் சரி, இரண்டு நாள் நின்றால் பேட்டரி காலி என்றால் திருட்டு நடக்கின்றது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, கழன்ற ஒயருக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் இடத்தில் வைத்து மாட்டுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரையும் அதற்குரிய 10 ஆம்பியர்த் துவாரத்துக்கு மாற்றவேண்டும். அந்நேரம் சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கக் கூடாது. அடித்தால் மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் குற்றமில்லை. அரை ஆம்பியர் காட்டினால் கணக்குப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 24 மணி, 12 ஆம்பியர்-மணி போய்விடும். 75 ஆம்பியர்-மணி பேட்டரியானால் மூன்று நாளில் பாதி காலி. இனி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகின்றதோ அந்த வழியில் திருடன் இருக்கின்றான். எந்த ஃபியூஸுக்கும் இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடு மேல் சந்தேகம். எஞ்சின் ஆறிக் குளிர்ந்த பிறகும் ஆல்டர்னேட்டர் மாத்திரம் தொட்டால் சூடாய் இருப்பது அதற்கு ஒரு அடையாளமாகும்.

செய்யக்கூடாதவை

சார்ஜ் ஆகின்ற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் என்கின்ற வாயு வெளிவரும். அது தீப்பற்றினால் பேட்டரி வெடிக்கும். ஆகவே அதன் பக்கத்தில் பீடியும் தீக்குச்சியும் கூடாது. தண்ணீர் அளவு பார்க்கத் தீக்குச்சி கொளுத்தவே கூடாது. ஆசிட் கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் வெகுநேரம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பட்டறைகளில் சிறு பையன்களிடம் ஆசிட் வேலையைக் கொடுத்து, கண்ணாடியும் கையுறையும் கொடுக்காமல் இருக்கின்றார்களே, இது என்ன நியாயம்? ஒரு கண்ணாடியின் விலை, ஒரு கண்ணின் விலையைவிட அதிகமா?

வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுக்கும்போது பிளஸுக்குப் பிளஸ்தான். மாற்றிக் கொடுத்தால் டயோடு எரியும். அடியோடு காலியான பேட்டரியை ஆல்டர்னேட்டரே நிரப்பட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. அது மணிக்கணக்காய் முழுபலத்தோடு உழைத்துச் சூடேறிக் கெட்டுப்போகும். 75 ஆம்பியர்-மணி பேட்டரியை வெளியே கழற்றிச் சுமார் 7 ஆம்பியர் வீதம் மெதுவாய்ச் சார்ஜ் செய்து போடுவதே நல்லது.

ரகசியம் யாருக்காக?

தோழர்களே! நாம் இவ்வளவு நேரம் சொன்னதில் ரகசியம் என்று ஏதாவது இருக்கின்றதா? ஒன்றும் இல்லை. ஆனால் பல பட்டறைகளில் இதை ரகசியமாகவே வைத்திருக்கின்றார்கள். பத்து வருஷம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பையனுக்கும் மேஸ்திரி காரணத்தைச் சொல்லுவதில்லை. கேட்டால் "கைராசி" என்கின்றார். கைராசி என்பது என்ன? காரணம் தெரிந்தவன் அதை மறைப்பதற்கும், காரணம் தெரியாதவன் அதை மூடுவதற்கும் சொல்லுகின்ற ஒரே வார்த்தைதான். தெரிந்த மேஸ்திரிகளை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் உழைப்புக்கு நல்ல கூலி கொடுக்கவேண்டும். ஆனால் கூலி வேலைக்கே தவிர, நம்முடைய அறியாமைக்கு அல்ல. "என்ன கோளாறு? எந்த எண்ணைப் பார்த்துச் சொல்லுகின்றீர்கள்?" என்று கேட்க வண்டிக்காரனுக்கு உரிமை உண்டு. யோக்கியமான மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டான். மீட்டரைத் திருப்பிக் காட்டுவான். கோபிக்கின்றவனிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

ஆகவே நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். நாளைக் காலையில், வண்டி நன்றாய் இருக்கும்போதே, மூன்று எண்களை எடுங்கள்: இரவு நின்ற பின் ஒன்று, செல்ஃப் அடிக்கும்போது ஒன்று, ஓடும்போது ஒன்று. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். மாதம் ஒருமுறை அப்படியே செய்யுங்கள். எண் இறங்க ஆரம்பித்தால், லோடு ஏற்றி நடுவழியில் நிற்பதற்கு முன்பே அந்த நோட்டு உங்களுக்குச் சொல்லிவிடும். பக்கத்து வண்டிக்காரனுக்கும் சொல்லிக் கொடுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு மீட்டர் வாங்கினாலும் போதும். நாம் சொன்ன எண்களையும் நாம் சொன்னோம் என்பதற்காக ஏற்கவேண்டாம். உங்கள் வண்டிக்கு உரிய புத்தகத்தில் என்ன இருக்கின்றது என்று பாருங்கள். மீட்டரை வைத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.